பிரிக்காத பொட்டலம்

1

என் நாட்குறிப்பில் ஒவ்வொரு நாளும் முதல் வரி மழையைப் பற்றியது. ஆர்.எஸ்.மங்கலத்தில் பிறந்து, பெரிய கண்மாய் நிரம்புமா நிரம்பாதா என்று ஐப்பசி முழுவதும் வானத்தைப் பார்த்தே வளர்ந்தவன் நான். நார்வேயின் மேற்குக் கரையில், நின்றால் மழை நடந்தால் மழை என்றிருக்கும் பெர்கன் நகரத்துக்கு வந்து சேர்ந்தபோது, முதல் வரியாக வேறெதை எழுதத் தோன்றும்? 'மழை.' 'மழை.' 'காலையில் தூறல், பிறகு மழை.' எப்போதாவது 'மழை இல்லை' என்று எழுத நேர்ந்தால் அதன் கீழே அடிக்கோல் வைத்து ஒரு கோடு போடுவேன்.

வந்து இருபத்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஆண்டுக்கு ஒன்றாக இருபத்து நான்கு நோட்டுகள், ஊரிலிருந்து கொண்டுவந்த ஒன்றையும் சேர்த்தால் இருபத்தைந்து. சமையலறை அலமாரியின் மேல்தட்டில், அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கிறேன். என் மகள் அமுதா சிறுமியாக இருந்தபோது ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, இது முழுக்க நூடுல்ஸா இருக்கு" என்றாள். சனிக்கிழமைகளில் நடந்த தமிழ் வகுப்புக்கு நான்கு வருடம் அழைத்துப்போனேன். பிறகு அதே நேரத்தில் கால்பந்துப் பயிற்சி வந்தது. அவளா நிறுத்தினாள், நானா விட்டேன் என்று நோட்டைப் பார்த்தேன். 'இன்று தமிழ் வகுப்புக்குப் போகவில்லை, எனக்குச் சளி' என்று இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை பற்றி ஒன்றும் இல்லை. விட்டது நான்தான்.

அமுதா நன்றாகப் பேசுவாள். படிக்கத் தெரியாது.

இந்த ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, அவள் முதுகலை முடிக்கப்போகும் த்ரோண்ட்ஹெய்ம் நகரத்திலிருந்து அழைத்தாள். கடல் உயிரியல் படிக்கிறாள். கடலடியில் வளரும் புல்தான் அவளுடைய பாடம்.

"அப்பா, மூணு இடத்துலயும் கிடைச்சிருச்சு."

முனைவர் பட்டத்துக்கு அவள் விண்ணப்பித்தது மூன்றே இடங்களுக்கு. மூன்றும் வேண்டும் என்றிருந்தன. அடுத்த திங்கட்கிழமைக்குள் அவள் ஒன்றுக்குச் சரி சொல்லி, மற்ற இரண்டுக்கும் இல்லை என்று எழுதியாக வேண்டும்.

"நீங்க ஒரு டேபிள் போடுங்களேன். உங்களுக்குத்தான் அதெல்லாம் வரும்."

2

முதலாவது இங்கிலாந்தில். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் நின்று பெயரைச் சொன்னால்கூட நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட பழைய பல்கலைக்கழகம். இரண்டாவது ஆஸ்திரேலியாவின் மேற்குக் கோடியில், பெர்த் நகரத்தில். அங்கே ஒரு பேராசிரியை வாழ்நாள் முழுவதையும் கடற்புல்லுக்கே கொடுத்திருக்கிறார். ஆறு பேர் கொண்ட சின்ன ஆய்வகம். அமுதா எழுதிய ஒவ்வொரு கட்டுரையிலும் அந்த அம்மாளின் பெயர் வரும். மூன்றாவது நம் ராமநாதபுரம் கரையில், உச்சிப்புளியைத் தாண்டிக் கடலைப் பார்த்து நிற்கும் சிறிய ஆய்வு மையம். தொண்டியையொட்டிய கடலில் மூன்று ஆண்டுகள் களப்பணி.

பெயர், பொருத்தம், இடம் என்று மூன்று பத்திகள் போட்டேன். பெயருக்கும் இடத்துக்கும் எடை மூன்று மூன்று, பொருத்தத்துக்கு நான்கு. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண் போட்டு எடையால் பெருக்கிக் கூட்டினேன். இங்கிலாந்து 71. பெர்த் 67. நம் கரை 67.

என் மனைவி சாந்திக்கு அட்டவணையே தேவைப்படவில்லை. "எங்க படிச்சேன்னு யாராவது கேட்டா ஒரு வார்த்தையில பதில் சொல்லணும். விளக்கம் சொல்லக் கூடாது" என்றாள். அவள் சொல்வதில் அனுபவம் இருக்கிறது. மதுரையில் படித்து வாங்கிய நர்சிங் பட்டத்தை இந்த ஊரில் மூன்று அலுவலகங்களில் விளக்கினாள். பாடத்திட்டத்தை மொழிபெயர்த்துக் கொடுத்தாள். கல்லூரி முத்திரை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருப்பது ஏன் என்று கேட்டு ஒரு கடிதம் வந்தது. கடைசியில் முதல் வருடத்திலிருந்து திரும்பப் படித்தாள்.

ஆனால் புதன்கிழமை இங்கிலாந்துப் பேராசிரியரோடு அமுதா பேசினாள். இருபது நிமிடம். மூன்று முறை 'அனிதா' என்று கூப்பிட்டாராம். அவளுக்கான தலைப்பை அவரே முடிவு செய்து வைத்திருந்தார்: செயற்கைக்கோள் படங்களிலிருந்து புல்வெளிகளை அளப்பது.

"தண்ணில எறங்கவே வேணாமாம், அப்பா. அதை ஒரு வசதி மாதிரி சொல்றாரு."

இங்கிலாந்தின் பொருத்தத்துக்கு நான் கொடுத்திருந்த ஐந்தை இரண்டாக்கினேன். மொத்தம் 59 ஆனது. "பேரு நல்ல பேருதான். அங்க போனா அனிதாவாத்தான் இருக்கணும்" என்று அமுதா சிரித்தாள். சாந்தி ஒரு நாள் முழுவதும் வருத்தமாக இருந்துவிட்டு, "சரி, எம் புள்ள பேரையே தெரியாதவருக்கு என்ன பெரிய பேரு" என்று விட்டுவிட்டாள்.

மிஞ்சியது இரண்டும் 67. சரிசமம். எடைகளை மாற்றிப் பார்த்தால் மாறும்தான், ஆனால் விடை பார்த்துவிட்டு எடையை மாற்றுவது எனக்குப் பிடிக்காது.

அட்டவணையை அனுப்பினேன். பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இடம்னு போட்டிருக்கீங்கள்ல. யாரோட இடம், அப்பா?"

"உன்னோடதுதான்."

பெர்த்துக்கு மூன்று, நம் கரைக்கு ஒன்பது என்று நிரப்பியிருந்தது நான். அவள் பிறந்தது பெர்கனில். அவளுக்கு இரண்டுமே வெகுதூரம்.

3

அந்த ஒன்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

மூன்று வருடங்களுக்கு முன் ஊருக்குப் போயிருந்தபோது ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து தொண்டிக்கு நானும் அமுதாவும் பஸ்ஸில் போனோம். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு கண்டக்டரிடம் 'தக்' என்றேன். நார்வேக்காரர்கள் நன்றி சொல்லும் வார்த்தை, பழக்கத்தில் வந்துவிட்டது. கண்டக்டர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "என்னண்ணே, விக்கலா? தண்ணி குடிங்க" என்று தன்னுடைய பாட்டிலை நீட்டினார். குடித்தேன். வேறென்ன செய்வது?

தொண்டியில் அலை இல்லாத கடல். இடுப்பளவு தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம். அமுதா நீச்சல் கண்ணாடியையும் மூச்சுக் குழாயையும் மாட்டிக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள். நான் கரையில் செருப்புகளோடு உட்கார்ந்திருந்தேன். முகத்தை வைத்தவள் எடுக்கவே இல்லை. அப்படியே மிதந்து மிதந்து போனாள். திரும்பி வந்தபோது கண்ணாடி அழுத்திய தடம் நெற்றியில் சிவந்திருந்தது. "அப்பா, உள்ள வயல் இருக்கு" என்றாள். "ஒங்க ஊரு மாதிரியே. காத்து அடிக்கிற மாதிரி ஒரே பக்கமா சாயுது."

அவள் கடற்புல் என்று பிடித்துக்கொண்டது அன்றைக்குத்தான். நாங்கள் நெல் வயலைப் பார்த்துச் சொல்லும் வார்த்தையைக் கடலைப் பார்த்து என் மகள் சொன்னாள். அந்த வாக்கியத்துக்காகத்தான் ஒன்பது. எந்த அட்டவணையிலும் அதற்குப் பத்தி கிடையாது.

ஆனால் அவள் அந்தத் தண்ணீரில் திரும்ப இறங்க எத்தனை தாள்கள்! நார்வேக் குடியுரிமை வாங்கும்போது என் இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைத்தேன். ஓட்டை போட்டுத் திருப்பித் தந்தார்கள். பிறகு 'வெளிநாட்டு இந்தியக் குடிமகன்' என்ற அட்டைக்கு விண்ணப்பித்தேன். பெயரில் குடிமகன் உண்டு, உள்ளே கிடையாது. அமுதாவுக்கும் அந்த அட்டைதான். அதை வைத்துக்கொண்டு வரலாம், தங்கலாம், கோவிலுக்குப் போகலாம். ஆராய்ச்சி செய்ய மட்டும் தனி அனுமதி வேண்டும். ஒரு படிவத்தில் 'ஆய்வு செய்யவிருக்கும் இடத்தோடு விண்ணப்பதாரருக்குள்ள தொடர்பு' என்று கேட்டிருந்தது. இரண்டு அங்குலக் கட்டம். நான் நான்கு முறை எழுதி அழித்துவிட்டு, 'தந்தையின் சொந்த ஊர்' என்று எழுதினேன். வியாழக்கிழமைக்குள் அந்தப் படிவங்கள் அனைத்தையும் நிரப்பி, வரிசைப்படி எண் போட்டு வைத்துவிட்டேன். பெர்த்துக்கு உரிய படிவங்களை நான் இணையத்திலிருந்து இறக்கிக்கூடப் பார்க்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

4

"நீங்க எப்படி முடிவு பண்ணீங்க, அப்பா? அப்ப நீங்களும் டேபிள் போட்டீங்களா?" என்று அமுதா கேட்டாள்.

ஊரிலிருந்து வந்த நோட்டை எடுத்தேன். எனக்கு அப்போது இரண்டு இடங்கள். ஒன்று மதுரையில். வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு கண்மாய்ச் சேற்றில் இறங்கும் ஒரு பேராசிரியர். "உங்க கண்மாயில எவ்வளவு வண்டல் படிஞ்சிருக்குன்னு உங்க ஊர்க்காரன் அளக்காம எவன்யா அளப்பான்?" என்று கேட்டவர். இன்னொன்று பெர்கன். வெளிநாடு, உதவித்தொகை, ஊரே பேசும் பெயர். பொருத்தமும் இடமும் ஒரு பக்கம், பெயர் ஒரு பக்கம்.

அய்யா பக்கவாதத்தில் படுத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அம்மா முன்பே இல்லை. என் அக்கா பஞ்சவர்ணம், கல்யாணமான இரண்டாம் வருடமே மச்சானைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பி வந்து, அய்யாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மதுரை என்றால் வாராவாரம் வரலாம். பெர்கன் என்றால் எப்போது வருவேன் என்று யாருக்கும் தெரியாது.

என்னால் முடிவு செய்ய முடியவில்லை. அக்காதான், "பூக் கட்டிப் பாத்துருவோம்டா" என்றாள்.

தெரியாதவர்களுக்காக: கண்மாய்க்கரை அய்யனார் கோவிலில், குழப்பமான காரியங்களுக்கு எங்கள் வீட்டில் செய்வது இது. ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. எது எதற்கு என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இரண்டையும் தனித்தனியாக வாழையிலையில் பொட்டலமாகக் கட்டி, சாமி முன்னால் குலுக்கிப் போடுவார்கள். யாராவது ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். அதை மட்டும் பிரித்துப் பார்ப்பார்கள். மற்றதைப் பிரிக்கக் கூடாது. அப்படியே தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

அமுதாவுக்கு நோட்டை வாசித்துக் காட்டினேன்.

'மழை இல்லை. வெயில். காலை ஆறு மணிக்கு அக்கா கண்மாய்க்கரையில் பூப்பறித்தாள். வெள்ளரளி இரண்டு. ஏழரை மணிக்குக் கோவில். வெள்ளை என்றால் பெர்கன், சிவப்பு என்றால் மதுரை. பூசாரி என்னையே எடுக்கச் சொன்னார். வெள்ளை. அக்கா மற்றதைக் கண்மாயில் போட்டுவிட்டு வந்தாள். பிறகு இட்லி.'

"இட்லியா!" என்று அமுதா சிரித்தாள். பிறகு கேட்டாள்: "எனக்கும் அதே மாதிரி பண்ணுவோமா? இப்ப ரெண்டுதான இருக்கு. வெள்ளை பெர்த், சிவப்பு தொண்டி."

"நீ விஞ்ஞானி, அமுதா."

"உங்க டேபிள் சரிசமமா வந்துச்சே, விஞ்ஞானி என்ன பண்ணுவா? யாராவது முடிவு பண்ணித் தந்தா போதும், அப்பா. மூணு நாளா தூக்கம் இல்ல."

அக்காவை மூவரும் சேர்ந்து பேசும்படி அழைத்தோம். ஞாயிற்றுக்கிழமை அங்கே காலை பத்து மணிக்கு, இங்கே ஆறரைக்கு, பூக் கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. அமுதா அத்தையிடம் அன்பாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று, எந்த மொழிபெயர்ப்புச் செயலியிலோ தேடிப் பிடித்து, "அத்தை, நான் உங்களை ரொம்பத் தவறவிடுறேன்" என்றாள்.

"என்னத்தடி தவறவிட்ட? நான் என்ன தொண்டி பஸ்ஸா?" என்றாள் அக்கா.

5

வெள்ளிக்கிழமை மதியம், நான் வேலை பார்க்கும் நகராட்சியின் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் சாப்பாட்டு இடைவேளை. அமுதாவுக்குத் தெரியாமல் அக்காவை அழைத்தேன்.

"என்னடா, வேலைக்குப் போகலையா?"

"சாப்பாட்டு நேரம்க்கா."

"என்ன சாப்பாடு?"

"ரொட்டி."

"ஒரு நாளாச்சும் சோறுன்னு சொல்லேன்டா. கேக்குறவளுக்காவது வயிறு நெறையும்."

நான் சுற்றி வளைக்கவில்லை. "அக்கா, ஞாயித்துக்கிழமை ரெண்டு பொட்டலத்துலயும் செவப்பே வச்சிருக்கா."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு டிராக்டர் போவது மட்டும் கேட்டது.

"யாரு பேசுறது?" என்றாள். "எந் தம்பிதானா?"

"அமுதா அங்கன வந்துட்டா உனக்கும் தொணைதானக்கா. மூணு வருசம். நானும் வருசத்துக்கு ரெண்டு தரம் வந்துருவேன். அவளுக்கும் அந்தக் கடல் பிடிக்கும்."

"பிடிச்சா அவளே சொல்லட்டும். நீ எதுக்குக் களவாணித்தனம் பண்ணச் சொல்ற?"

"ஒரே ஒரு தடவைக்கா."

"ஒரு தடவ செஞ்சதே போதும்டா. இன்னொரு தடவ என்னால ஏலாது."

"எது ஒரு தடவ?"

டிராக்டர் சத்தமும் நின்றுவிட்டிருந்தது.

"நீ போனீல்ல, அன்னைக்கு. ரெண்டுலயும் வெள்ளையத்தான் வச்சேன்."

எனக்கு உடனே புரியவில்லை. பிறகு, முந்தின நாள் நானே உரக்க வாசித்த வரி நினைவுக்கு வந்தது. வெள்ளரளி இரண்டு. எதையும் விடாமல் எழுதுபவன் என்று எனக்கொரு பெருமை உண்டு. என் கையெழுத்திலேயே இருபத்து நான்கு வருடங்களாக அது இருந்திருக்கிறது. சிவப்புப் பூ பறித்ததாக நான் எழுதவே இல்லை, ஏனென்றால் அவள் பறிக்கவே இல்லை.

"ஏன்க்கா?"

"மதுரையில இருந்தா வாராவாரம் வருவ. அய்யாவுக்குக் கஞ்சி ஊத்துவ, எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்ப. ஒரு நாப்பது வயசுல, இவளாலதான் போகாம கெடந்தோம்னு நெனப்ப. வாயத் தொறந்து சொல்ல மாட்ட. நோட்டுல எழுதுவ."

"சாமிகிட்டப் போயி பொய் சொன்னியேக்கா."

"சாமி எங்க கேட்டுச்சு? கேட்டது நீயி."

அய்யா இறந்த செய்தி வந்தபோது நான் விமானம் மாறி மாறி மூன்றாம் நாள்தான் போய்ச் சேர்ந்தேன். எல்லாம் முடிந்திருந்தது. அன்று அக்கா என்னிடம், "சாமி ஒன்ன அங்கன அனுப்புச்சு, நீ என்னடா செய்வ" என்று சொன்னாள். நானும் அதைப் பிடித்துக்கொண்டே இத்தனை வருடமும் இருந்துவிட்டேன். ஏரித் தண்ணீரை அளந்து கையெழுத்துப் போடும்போதெல்லாம், எங்கள் கண்மாயின் வண்டலை இப்போது யார் அளக்கிறார்கள் என்று தோன்றும். உடனே, அது என் முடிவு இல்லை, சாமி சொன்னது என்று சமாதானம் செய்துகொள்வேன்.

"அமுதா வந்தா எனக்கு நல்லதுதான்டா" என்றாள் அக்கா, குரலை இறக்கி. "மாடி ரூமுக்கு ஃபேன் வாங்கி வச்சிட்டேன். அதுக்காக அந்தப் புள்ளைய ஏமாத்த முடியுமா? ஞாயித்துக்கிழமை ஒண்ணு வெள்ள, ஒண்ணு செவப்பு. ஒன் கண்ணு முன்னாடி காட்டிட்டுத்தான் கட்டுவேன். போயி ரொட்டியத் தின்னு."

6

சனிக்கிழமை மாலை அமுதா அழைத்தாள். மறுநாள் விடியும் முன்பே மாதிரி எடுக்கப் படகில் போகிறாளாம். சிக்னல் இருக்காது. "நீங்க பாத்துட்டு மெசேஜ் போட்டுருங்க, அப்பா. கரைக்கு வந்ததும் பாத்துக்கிறேன்."

பெர்த் பேராசிரியையோடு பேசியதைச் சொல்ல ஆரம்பித்தாள். அரை மணி என்று தொடங்கிய பேச்சு இரண்டு மணி நேரம் போனதாம். அந்த அம்மாள் கேட்ட முதல் கேள்வி, "இந்தப் புல்லை முதன்முதலாக எங்கே பார்த்தாய்?" தொண்டி என்று சொல்லியிருக்கிறாள். பேச்சு முடிந்த பிறகு அவர் கையால் வரைந்த ஒரு படத்தை அனுப்பினாராம்: புல் சாயும் கோணத்தை அளக்க ஒரு கருவி. அதில் ஒரு தவறு இருப்பதை அமுதா கண்டுபிடித்துத் திருப்பி அனுப்ப, அவர் 'சீக்கிரம் வா' என்று எழுதியிருக்கிறார். இதைச் சொல்லும்போது அவள் குரல் பஸ் பிடிக்க ஓடுகிறவளுடைய குரல்போல இருந்தது. நடுவில் தமிழ் போய் நார்வேஜிய மொழி வந்துவிட்டது. அது அவளுக்குத் தெரியவே இல்லை.

பிறகு சட்டென்று நிறுத்தினாள்.

"ஆனா தொண்டியும் நல்லாத்தான் இருக்கும், அப்பா. ஒரு படகுதான் இருக்குதாம், அது பாதி நாள் ரிப்பேராம். பரவால்ல, சமாளிச்சுக்கலாம்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "நான் அங்க இருந்தா, நீங்க ரிடையர் ஆனதும் வந்துரலாம்ல? அத்தைகூட இருக்கலாம். ஒன்பது போட்டிருந்தீங்களே, நான் பாத்தேன்" என்றாள்.

நான் என்ன பதில் சொன்னேன் என்று நோட்டில் எழுதவில்லை. 'அமுதா பேசினாள். ஐம்பது நிமிடம். மழை' என்றுதான் இருக்கிறது.

7

ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணிக்கு சாந்தி இரவு வேலை முடிந்து இன்னும் வரவில்லை. சன்னலுக்கு வெளியே மழை இல்லை. கைபேசியில் கண்மாய்க்கரை தெரிந்தது. பிடித்திருந்தவர் பூசாரி, படத்தில் பாதி நேரம் அவருடைய கட்டைவிரல்தான்.

"அங்க இப்ப மணி என்ன தம்பி?"

"ஆறரைங்க."

"இங்க பத்து. நாங்க முந்திட்டோம்" என்றார் திருப்தியாக.

அக்கா உள்ளங்கையில் இரண்டு பூக்களை வைத்துக் காட்டினாள். "நல்லாப் பாத்துக்கடா. வெள்ள, பெர்த்து. செவப்பு, நம்மூரு. பிறகு நோட்டுல தப்பா எழுதக் கூடாது." என் கண் முன்னாலேயே வாழையிலையில் வைத்து நாரால் கட்டினாள். பூசாரி கைபேசியை ஒரு செங்கல்மேல் சாய்த்து வைத்துவிட்டு, தட்டில் போட்டுக் குலுக்கினார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். எடுத்த பிறகும் சிறிது நேரம் கண்ணைத் திறக்கவில்லை.

பிரித்தாள். சிவப்பு.

"ஏலே, நெசமாவேடா! நான் ஒண்ணும் செய்யல. பூசாரியக் கேளு!"

எனக்குள் அந்த ஒரு நிமிடம் என்னென்னவோ ஓடியது. உச்சிப்புளி சாலை. மாடி அறையில் சுற்றும் ஃபேன். தொண்டிக் கரையில் செருப்புகளோடு நான் உட்கார்ந்திருக்க, முகத்தைத் தண்ணீரில் வைத்தபடி மிதக்கும் என் மகள். கேட்டது அப்படியே கிடைத்திருக்கிறது, அதுவும் நேர்மையாக. அமுதா சரி என்பாள். சந்தோஷமாகவே இருப்பதுபோல இருப்பாள். படகு ரிப்பேராகும் நாட்களில் என்னை அழைத்து, பரவாயில்லை என்பாள். வாயைத் திறந்து சொல்ல மாட்டாள். அவளுக்கு நோட்டுப் பழக்கமும் இல்லை.

செய்தியைத் தட்டினேன். அவளுக்குத் தமிழ் எழுத்து வராது என்பதால் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அனுப்புவேன். ஒரே வரி. ஆறு ஐம்பத்திரண்டுக்குப் போனது.

"புள்ளைக்குச் சொல்லிட்டியா?" என்று அக்கா கேட்டாள்.

"சொல்லிட்டேன்க்கா."

"என்னன்னு சொன்ன?"

"வெள்ளைன்னு."

அவள் கைபேசியை முகத்துக்கு மிக அருகில் கொண்டுவந்தாள். ஒரு கண்ணும் மூக்குத்தியும் மட்டும் தெரிந்தன.

"அடக் கூறுகெட்டவனே" என்றாள். திட்டுகிறாளா, அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை. மூன்றையும் எழுதி வைத்திருக்கிறேன். "நேத்து செவப்பே வைன்னு கெஞ்சுனது நீயா, வேற எவனுமா?"

"நேத்து இல்லக்கா. முந்தாநேத்து."

"ஆமா, இதுல மட்டும் கரெக்டா இரு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரி. அந்த ஃபேன எனக்கே மாட்டிக்கிறேன். வெயிலு தாங்கல."

"மத்த பொட்டலம், அக்கா? கண்மாயில விட்டுரு."

"கண்மாயில தண்ணி எங்கடா இருக்கு, சித்திரையில? மழைக்கார ஊர்ல ஒக்காந்துக்கிட்டு எல்லாம் மறந்து போச்சு ஒனக்கு." பிரிக்காத அந்தப் பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள். "தண்ணி வரட்டும். வந்ததும் விடுறேன்."

மதியம் இரண்டு மணிக்கு அமுதாவின் குரல்செய்தி வந்தது. காற்றுச் சத்தத்துக்கு நடுவே முதலில் ஒரு கூச்சல். தோழிகளிடம் ஏதோ கத்துகிறாள். பிறகு அவசரமாகக் குரலை அடக்கிக்கொண்டு, "அப்பா, உங்களுக்கு வருத்தமா? தொண்டி வரலையே. வருத்தமா இருந்தா சொல்லுங்க, ப்ளீஸ். அத்தைய ரொம்பத் தவறவிடுவேன்னு சொல்லுங்க. அந்த பஸ் ஜோக் தெரியும், இருந்தாலும் சொல்லுங்க."

வருத்தமில்லை, சாமி சொன்னதுதானே என்று பதில் அனுப்பினேன். நம் கரைக்காக நிரப்பி எண் போட்ட படிவங்களை ஒரு உறையில் போட்டு ஒட்டினேன். பெர்த்துக்கான படிவங்களை இறக்கி, முதல் பக்கத்தைத் தொடங்கினேன்.

அன்றைய குறிப்பு இது. 'மழை இல்லை' என்ற வரியின் கீழே கோடு போட்டிருக்கிறேன். அடுத்த வரி: 'அக்கா எடுத்தது, சிவப்பு.' அதற்கடுத்தது: 'அமுதாவிடம் சொன்னது, வெள்ளை.'

நோட்டு சமையலறை அலமாரியில், அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பூட்டி வைக்கவில்லை. தமிழ் எழுத்து கற்றுக்கொள்ள அவளுக்கு எத்தனை வருடம் வேண்டுமானாலும் ஆகட்டும்.